கிட்டார் வாசிக்கும் வலக்கை நகங்கள்: உடையாமல் வளர்ப்பது எப்படி, எந்த வடிவில் தேய்ப்பது?

தேன்சிட்டு (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். நைலான் தந்தி பூட்டிய கிளாசிக்கல் கிட்டாரை மூன்று ஆண்டுகளாகக் கற்று வருகிறேன். இன்னும் மூன்று மாதத்தில் லண்டன் டிரினிட்டி கல்லூரி நடத்தும் ஐந்தாம் கிரேடு இசைத் தேர்வு வருகிறது. சென்ற ஆண்டு வரை விரல் சதையால் மட்டுமே மீட்டி வந்தேன். ஒலி மெலிவாக இருக்கிறது, கூடத்தின் கடைசி வரிசைக்கு எட்டாது என்று ஆசிரியர் சொன்னதால் வலக்கை நகங்களை வளர்க்கத் தொடங்கினேன்.

அன்றிலிருந்து ஒரே போராட்டமாக இருக்கிறது. ஆள்காட்டி விரல் நகமும் நடுவிரல் நகமும் மூன்று மில்லிமீட்டர் வளர்ந்ததுமே ஓரத்தில் பிளந்து குறுக்காகக் கிழிந்துவிடுகின்றன. மோதிர விரல் நகம் உடைவதில்லை, ஆனால் கிளி மூக்கைப் போலக் கீழ்நோக்கி வளைந்து தந்தியில் மாட்டிக்கொள்கிறது. உடையாமல் இருக்கும் நாள்களிலும் மூன்றாம் தந்தியை மீட்டும்போது ஒலிக்கு முன்னால் 'கிரீச்' என்று ஓர் உரசல் கேட்கிறது.

மருந்துக் கடையில் பயோட்டின் என்ற பி வைட்டமின் மாத்திரை வாங்கி இரண்டு மாதம் சாப்பிட்டேன். நகத்தைக் கெட்டிப்படுத்தும் என்று விற்கப்படும் ஒரு பூச்சையும் தடவினேன். முதல் இரண்டு வாரம் கல்லைப் போல இருந்த நகம் அதற்குப் பிறகு இன்னும் மோசமாக உடைந்தது. வீட்டில் சமையலும் பாத்திரம் தேய்ப்பதும் என் பொறுப்பு என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

நகத்தை எவ்வளவு நீளம் விட வேண்டும், எந்த வடிவில் தேய்க்க வேண்டும், உண்மையிலேயே அதை வலுப்படுத்துவது எது, தேர்வு நெருங்கும்போது உடைந்தால் என்ன செய்வது என்பதை அனுபவமுள்ளவர்கள் சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.


ஆறுதந்தி:

வணக்கம் அம்மா. இருபது ஆண்டுகளுக்கும் மேலாகக் கிளாசிக்கல் கிட்டார் சொல்லிக்கொடுக்கிறேன். உங்களைப் போல "நகம் உடைகிறது, எதைச் சாப்பிட்டால் சரியாகும்?" என்று கேட்டு வரும் மாணவர்களில் பெரும்பாலோருக்கு நான் முதலில் பார்ப்பது நகத்தின் வலுவை அல்ல, அதன் நீளத்தையும் விளிம்பையும்தான். மூன்று மில்லிமீட்டர் என்று நீங்கள் எழுதியதைப் படித்ததுமே பாதிக் காரணம் தெரிந்துவிட்டது.

உள்ளங்கை உங்களைப் பார்க்கும்படி கையைக் கண்ணுக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். விரல் சதைக்கு மேல் நகம் ஒரு மில்லிமீட்டரிலிருந்து ஒன்றரை மில்லிமீட்டர் வரை தெரிந்தால் போதும், விரல் அமைப்பைப் பொறுத்து மிஞ்சிப்போனால் இரண்டு. தந்தி முதலில் சதையில் படிந்து, அதே நொடியில் நகத்தின் ஓரத்துக்கு நழுவி, விளிம்போடு வழுக்கிச் சென்று விடுபட வேண்டும். நகம் நீளமாக இருந்தால் சதைக்கு வேலையே இல்லாமல் போகிறது. முழு இழுவிசையும் ஆதரவில்லாமல் நீட்டிக்கொண்டிருக்கும் நகத்தின் மேல் விழுகிறது. நான் படித்த காலத்தில் நீள நகம்தான் பெரிய ஒலி தரும் என்று நம்பி நான்கு மில்லிமீட்டர் வரை வளர்த்து, ஒரு நிகழ்ச்சிக்கு முந்தைய இரவு இரண்டு நகங்களை ஒன்றாக இழந்தேன். மறுநாள் மீதமிருந்ததை ஒரு மில்லிமீட்டருக்குத் தேய்த்துக்கொண்டு வாசித்தபோது, ஒலி முன்பைவிடத் தடித்தும் உருண்டும் வந்ததைக் கேட்டு நானே திகைத்துப்போனேன்.

இனி வடிவத்துக்கு வருவோம். ஆள்காட்டி, நடு, மோதிர விரல்களில் தந்தி நுழையும் இடம் கட்டைவிரல் பக்கமாக உள்ள ஓரம். அந்த ஓரத்தில் நகம் சதையை விட்டுப் பிரியும் புள்ளியிலிருந்து நடுப்பகுதியை நோக்கி ஒரு சாய்தளம் போல விளிம்பு மெல்ல ஏற வேண்டும். ஏற்றம் முடியும் இடத்தில்தான் தந்தி விடுபடும். அந்தப் பாதையில் ஒரு முனையோ பள்ளமோ இருந்தால் தந்தி அங்கே மாட்டும். உங்களுக்குக் கேட்கும் 'கிரீச்' அப்படி மாட்டும் ஒலிதான், நாளடைவில் கிழிவது பெரும்பாலும் அதே இடத்திலிருந்துதான் தொடங்கும். அதே வேளையில், சாய்தளம் வேண்டும் என்பதற்காக ஓரத்தை நகக்கண் வரை குடைந்து தேய்த்துவிடக் கூடாது. பக்கவாட்டு ஓரங்கள்தான் நகத்தைத் தாங்கும் தூண்கள், அவை மெலிந்தால் எந்த நகமும் நிற்காது. கட்டைவிரலுக்கும் இதே கணக்குத்தான், ஆனால் அங்கே தந்தி படுவது ஆள்காட்டி விரலுக்கு எதிர்ப்புறமாக உள்ள ஓரம் என்பதை நினைவில் வையுங்கள். நான்கு, ஐந்து, ஆறாம் தந்திகளில் உலோக இழை சுற்றியிருப்பதால் கட்டைவிரல் நகத்தின் சொரசொரப்பு அங்கே உடனே காதில் விழும்.

தேய்ப்பதற்கு உலோக அரம் வேண்டாம். அதன் பற்கள் விளிம்பில் கண்ணுக்குத் தெரியாத கீறல்களை விட்டுவிடும். கண்ணாடி அரத்தால் வடிவம் கொடுங்கள், நகம் நன்றாகக் காய்ந்திருக்கும்போது, ஓரத்திலிருந்து நடுவை நோக்கி ஒரே திசையில். அதற்குப் பிறகு மெருகேற்றும் வேலைதான் உங்கள் ஒலியையே மாற்றப்போகிறது. ஹார்டுவேர் கடையில், வண்டிக்குப் பெயின்ட் அடிப்பவர்கள் வாங்கும் வாட்டர் பேப்பர் என்ற மெல்லிய உப்புத்தாள் கிடைக்கும். அதில் 1000, 2000 எண்களில் ஒவ்வொன்று வாங்கிக்கொள்ளுங்கள். விரலளவு துண்டாக வெட்டி, கிட்டாரின் மரத்தில் கீறல் விழாமல் ஒரு துணியை விரித்து, இரண்டாம் தந்தியின் மேல் தாளின் சொரசொரப்பான பக்கம் நகத்தைப் பார்க்கும்படி மடித்துப் போடுங்கள். வழக்கமாக வாசிக்கும் கோணத்திலேயே கையை வைத்து அந்தத் தாளின் மேல் பத்துப் பன்னிரண்டு முறை மெதுவாக மீட்டுங்கள். தந்தி உங்கள் நகத்தில் எந்த வழியாகப் போகிறதோ அந்த வழியை மட்டும் தாள் தேய்த்துக் கொடுக்கும். முதலில் 1000, பிறகு 2000. கண்ணாடி முன்னால் உட்கார்ந்து ஊகித்துத் தேய்ப்பதைவிட இது எவ்வளவோ நம்பகமானது.

முடிந்ததும் பழைய பட்டுத்துணி ஒன்றின் மேல் நகத்தை இழுத்துப் பாருங்கள். ஓர் இழைகூட மாட்டாமல் வழுக்கிப் போனால் கிட்டாரிலும் வழுக்கும்.

மோதிர விரலைப் பொறுத்தவரை, கீழ்நோக்கி வளையும் நகத்தை நீளமாக விட்டால் கொக்கியாகத்தான் மாறும். அதை மற்றவற்றைவிடக் குட்டையாக, சதைக்கு அரை மில்லிமீட்டர் மட்டும் மேலே தெரியும்படி, வளைவைக் குறைத்துக் கிட்டத்தட்ட நேர்கோடாகத் தேய்த்துப் பாருங்கள்.

இன்னொன்றும் சொல்லத் தோன்றுகிறது. நகமா சதையா என்ற வழக்கு இன்று தொடங்கியது அல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பாதியில் ஸ்பானியக் கிட்டார் கலைஞர் ஃபெர்னாண்டோ சோர் சதையால் மீட்டினார், அவருடைய நண்பர் டியோனிசியோ அகுவாடோ நகத்தால் மீட்டினார். நகத்தால் வாசிப்பதைச் சோர் விரும்பாதபோதும் இருவருக்குமாக இரண்டு கிட்டார்களுக்கான ஒரு படைப்பை எழுதி, 'இரு நண்பர்கள்' என்று பெயரிட்டு அகுவாடோவுக்கே காணிக்கையாக்கினார். பின்னால் வந்த, நகத்தோடு வாசித்துவந்த ஸ்பானியக் கிட்டார் கலைஞர் டாரெகா தம் கடைசி ஆண்டுகளில் நகத்தை விட்டுவிட்டார். அவர்கள் காலத்தில் தந்தி விலங்குக் குடலால் ஆனது. 1940களின் பிற்பகுதியில் நைலான் வந்து, ஸ்பானியக் கிட்டார் கலைஞர் செகோவியாவின் வழியில் சதையும் நகமும் சேர்ந்த ஒலி பெரிய அரங்குகளுக்குப் பரவியது. ஆகவே நகம் வளரும் வரை சதையால் வாசிக்க நேர்ந்தாலும் குறைவாக நினைக்க வேண்டாம். தேர்வறை சிறியதுதான், அங்கே சதை ஒலியும் எட்டும்.


வெண்பிறை:

நான் தோல் மருத்துவம் பார்க்கிறேன், என் மகனும் கிட்டார் பயில்கிறான். வடிவத்தைப் பற்றி ஆறுதந்தி ஐயா விரிவாகச் சொல்லிவிட்டதால் வலுவைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

நகம் கெராட்டின் என்ற புரதத்தால் ஆனது. மேல், நடு, அடி என்று மூன்று அடுக்குகள். நடு அடுக்கிலுள்ள இழைகள் விரலின் நீளவாக்கில் ஓடாமல் குறுக்காக, விளிம்புக்கு இணையாக ஓடுகின்றன. ஓரத்தில் விழுந்த சிறு பிளவு வேரை நோக்கிப் போகாமல் குறுக்காகக் கிழிவது அதனால்தான். இது உடலின் நல்லேற்பாடு. இழைகள் நீளவாக்கில் இருந்திருந்தால் ஒவ்வொரு பிளவும் சதைக்குள் இறங்கியிருக்கும்.

கால்சியம் குறைந்தால் நகம் உடையும், வெள்ளைப் புள்ளி விழும் என்று பலரும் நம்புகிறார்கள். நகத்தில் கால்சியம் மிகச் சிறிதளவே உள்ளது, அதன் உறுதி கெராட்டின் இழைகளுக்கு இடையே உள்ள கந்தகப் பிணைப்புகளிலிருந்து வருகிறது. அந்தப் புள்ளிகளும் பெரும்பாலும் நகத்தின் வேரில் எப்போதோ பட்ட சிறு அடியின் தடயங்களே.

உங்கள் கடிதத்தில் என் கண்ணில் பட்டது பாத்திரம் தேய்ப்பது. நகம் தண்ணீரை விரைவாக உறிஞ்சி ஊதும், காயும்போது சுருங்கும். ஒரு நாளில் பத்து முறை ஊதிச் சுருங்கினால் அடுக்குகளுக்கு இடையேயான ஒட்டுதல் தளர்ந்து விளிம்பு ஏடு ஏடாகப் பிரியும். சோப்பு அந்த வேலையை இன்னும் விரைவுபடுத்தும். அரிசி களைவது, மாவு கரைப்பது, துணி அலசுவது எல்லாம் இந்தக் கணக்கில் சேரும். ரப்பர் கையுறையை, முடிந்தால் உள்ளே மெல்லிய பருத்திக் கையுறையோடு, பழக்கப்படுத்திக்கொள்ளுங்கள். கை கழுவித் துடைத்த பிறகும், இரவு படுக்கும் முன்பும் நகத்திலும் அதன் வேர்ப்பகுதியிலும் தேங்காய் எண்ணெயோ பெட்ரோலியம் ஜெல்லியோ தடவுங்கள். நான் பார்த்தவரை இவ்விரண்டுக்கும் ஈடான மருந்து கடையில் இல்லை.

கெட்டிப்படுத்தும் பூச்சுகள் பலவற்றில் ஃபார்மால்டிஹைடு சேர்ந்திருக்கும். அது கெராட்டினில் கூடுதல் பிணைப்புகளை உண்டாக்கி நகத்தை விறைப்பாக்குகிறது. ஆனால் கிட்டாருக்கு வேண்டியது வளைந்து கொடுக்கும் நகம். விறைத்த நகம் வளைய முடியாமல் முறியும். முதல் இரண்டு வாரம் கல்லைப் போல இருந்து பிறகு உடைந்தது என்று நீங்கள் எழுதியதற்கு இதுதான் விளக்கமாக இருக்க வேண்டும். பூச்சை அகற்றும் அசிட்டோனும் நகத்தை உலர்த்திவிடும்.

பயோட்டினைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். எளிதில் முறியும் நகம் உள்ளவர்களுக்கு நாளொன்றுக்கு 2.5 மில்லிகிராம் கொடுத்துப் பார்த்த சிறிய ஆய்வுகளில் ஓரளவு பலன் தெரிந்தது. ஆனால் கைவிரல் நகம் மாதத்துக்கு ஏறத்தாழ மூன்று மில்லிமீட்டர்தான் வளர்கிறது, வேரிலிருந்து நுனிக்கு வர ஏறக்குறைய ஆறு மாதம் ஆகும். நீங்கள் மாத்திரை சாப்பிட்ட இரண்டு மாதத்தில் உருவான நகம் இன்னும் விரலின் மேலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறது. தந்தியில் படுவது ஐந்தாறு மாதங்களுக்கு முன்பு உருவான நகம். எந்த மாத்திரையும் அதைத் தொட முடியாது, அதை எண்ணெயாலும் கையுறையாலும் காப்பது ஒன்றே வழி. மாத்திரையைத் தொடர்வதாக இருந்தால், இரத்தப் பரிசோதனைக்குப் போகும்போது அதை மறக்காமல் சொல்லிவிடுங்கள். பயோட்டின் தைராய்டு சோதனை முடிவுகளையும் மாரடைப்பைக் கண்டறியும் டிரோபோனின் சோதனையையும் பிழையாகக் காட்டக்கூடும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2017இல் எச்சரிக்கையே வெளியிட்டது.

பத்து விரல் நகங்களும் ஒரே மாதிரி மெலிந்தாலோ, நடுவில் குழிந்து கரண்டி போல ஆனாலோ, களைப்பும் முடி உதிர்தலும் சேர்ந்து இருந்தாலோ இரும்புச்சத்தையும் தைராய்டையும் சோதித்துக்கொள்ளுங்கள். நம் பெண்களிடம் இரத்தச்சோகை மிகுதி, அதை நகப் பிரச்சினை என்று எண்ணி நாள் கடத்த வேண்டாம். உங்கள் இடக்கை நகங்களைச் சில வாரம் வளரவிட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும் என்று சொல்லியிருப்பேன், ஆனால் கிட்டார்காரர்கள் இடக்கை நகத்தை ஒட்ட வெட்ட வேண்டியிருக்கிறதே. கால் நகத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.


வீணைமகள்:

நான் வீணை வாசிப்பவள், கிட்டார் தெரியாது. வீணையில் சிலர் சொந்த நகத்தால் மீட்டுகிறோம், சிலர் விரல் நுனியில் கம்பி வளையம் மாட்டிக்கொள்கிறார்கள். உலோகத் தந்தி நகத்தை அறுக்கும் என்பதால் எங்களுக்கு இந்தக் கவலை இன்னும் அதிகம். என் பாட்டி மருதாணி வைத்தால் நகம் கெட்டிப்படும் என்று சொல்லி மாதம் ஒருமுறை வைத்துவிடுவார். மருத்துவர் அம்மா இதைப் பற்றி என்ன சொல்கிறார்?

நான் கடைப்பிடிக்கும் ஒன்றைச் சொல்கிறேன். டப்பா மூடி திறப்பது, ஸ்டிக்கர் உரிப்பது, பூட்டில் சாவியைத் திருகுவது என எல்லாவற்றையும் இடக்கைக்கு மாற்றிவிட்டேன். வாசிக்கும்போது உடைந்த நகங்களைவிட வண்டியின் பக்கவாட்டுப் பூட்டில் உடைந்தவைதான் எனக்கு அதிகம்.


வெண்பிறை:

மருதாணியின் நிறப்பொருள் கெராட்டினோடு பிணைந்துகொள்வதால்தான் நகத்தில் அவ்வளவு நாள் சிவப்பாக நிற்கிறது. அழகுக்காகத் தாராளமாக வையுங்கள், வலுவுக்கு அதை நம்ப வேண்டாம். கடையில் விற்கும் 'கறுப்பு மருதாணி'யை மட்டும் தொடாதீர்கள். அதில் சேர்க்கப்படும் முடிச்சாயப் பொருள் கடுமையான ஒவ்வாமையை உண்டாக்கும்.


எஃகுவிரல்:

நான் ஸ்டீல் தந்தி கிட்டாரில் விரல்களால் வாசிப்பவன். எங்கள் தந்தி நகத்தைத் தின்றுவிடுவதால் ஒட்டுப்போடுவதில் எனக்குப் பழக்கம் உண்டு. தேர்வுக்குப் பத்து நாள் முன்பு உடைந்தால் என்ன செய்வது என்ற கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

நகம் முழுதாகப் போகாமல் பிளவு மட்டும் விழுந்திருந்தால், கையைக் கழுவி முற்றிலும் உலரவிட்டு, எண்ணெய்ப் பசை போகத் துடைத்துக்கொள்ளுங்கள். டீ பேக் தாளில் பிளவை மூடும் அளவுக்கு ஒரு சிறு துண்டு வெட்டி நகத்தின் மேல் வைத்து, அதன் மேல் ஃபெவிக்விக் போன்ற உடனடிப் பசையை ஒரே ஒரு சொட்டு விட்டு, பிளாஸ்டிக் தாளால் அழுத்திப் பரப்புங்கள். காய்ந்ததும் இன்னொரு மெல்லிய பூச்சு. பிறகு 1000, 2000 தாள்களால் தேய்த்துச் சமப்படுத்தினால் ஒட்டு இருப்பதே தெரியாது, ஒரு வாரம் தாங்கும்.

இங்கே ஓர் எச்சரிக்கையை அழுத்தமாகச் சொல்ல விரும்புகிறேன். தாள் கிடைக்கவில்லை என்று பஞ்சையோ பருத்தி நூலையோ வைத்து இந்தப் பசையை ஊற்றாதீர்கள். பருத்தியில் பட்டதும் அது ஒரே நொடியில் இறுகி, புகை வரும் அளவுக்குச் சூடாகும். நான் அப்படிச் செய்து நடுவிரல் நுனியில் கொப்புளம் வந்து இரண்டு வாரம் கிட்டாரைத் தொட முடியாமல் இருந்தேன். பசை சதையிலோ வெட்டுக்காயத்திலோ படவும் கூடாது.

நகம் அடியோடு போய்விட்டால், மேசைப்பந்தாட்டப் பந்திலிருந்து நகத்தின் வளைவுக்கு ஏற்ற துண்டை வெட்டி நகத்தின் அடிப்பக்கம் ஒட்டும் வழக்கம் கிட்டார்காரர்களிடம் நெடுங்காலமாக உண்டு. அழகு நிலையங்களில் போடும் அக்ரிலிக் நகத்தை ஃபிளமெங்கோ என்ற ஸ்பானிய இசையை வாசிப்பவர்கள் பலரும் வைத்துக்கொள்கிறார்கள், நானும் ஓராண்டு வைத்திருந்தேன். ஒலி நன்றாகவே இருந்தது. ஆனால் அகற்றியபோது அடியிலிருந்த என் சொந்த நகம் காகிதம் போல மெலிந்திருந்தது. உங்களுக்கு அது தேவைப்படாது என்றே நினைக்கிறேன்.


வெண்பிறை:

எஃகுவிரல் சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். ஒட்டுக்கும் நகத்துக்கும் இடையே ஈரம் தங்கினால் கிருமி வளர்ந்து நகம் பச்சையாக மாறும். அப்படி நிறம் மாறினாலோ, விரல் சிவந்து நகச்சுத்தி போல வலித்தாலோ உடனே ஒட்டை அகற்றிவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள்.


தேன்சிட்டு:

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. ஐந்து வாரம் செய்து பார்த்துவிட்டு எழுதலாம் என்று காத்திருந்தேன்.

கையுறை போடத் தொடங்கிய பிறகு ஏடு ஏடாகப் பிரிவது நின்றுவிட்டது. ஆள்காட்டி, நடுவிரல் நகங்களை ஒன்றரை மில்லிமீட்டருக்குக் குறைத்தேன், இதுவரை ஒன்றும் உடையவில்லை. தந்தியின் மேல் தாளைப் போட்டு மீட்டியதும் என் நடுவிரலில் தந்தி விடுபடும் இடத்தில் ஒரு சிறு முனை இருந்தது புலப்பட்டது, விரலால் தடவிப் பார்த்தபோது தெரியாத முனை அது. அது தேய்ந்த அன்று மாலையே மூன்றாம் தந்தியின் உரசல் போய்விட்டது. பக்கத்து அறையிலிருந்த என் கணவர் வேறு கிட்டாரா என்று கேட்டார்.

மோதிர விரல் மட்டும் இன்னும் முழுதாக ஒத்துவரவில்லை. குட்டையாக்கியதால் மாட்டுவது நின்றது, ஆனால் முதல் தந்தியில் அதன் ஒலி மற்ற இரண்டு விரல்களைவிட மங்கலாக இருக்கிறது. மூன்று விரலும் மாறி மாறி வரும் இடங்களில் வேறுபாடு தெரிகிறது. தேர்வுக்கு இன்னும் ஏழு வாரம்தான் இருக்கிறது, மீண்டும் வளர்க்கலாமா?


ஆறுதந்தி:

வளர்க்க வேண்டாம் அம்மா. மங்கல் என்றால் நகம் படாமல் சதை மட்டுமே படுகிறது என்று பொருள். மணிக்கட்டைச் சற்றே கட்டைவிரல் பக்கமாகச் சாய்த்து, மோதிர விரல் தந்தியைத் தொடும் கோணத்தை மாற்றிப் பாருங்கள். அரை மில்லிமீட்டர் நகம் அந்தக் கோணத்தில் எட்டும். அது போதாவிட்டால், ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் கால் மில்லிமீட்டர் குறைத்து, அவற்றின் ஒலியை மோதிர விரலின் ஒலிக்குப் பக்கத்தில் கொண்டுவாருங்கள். மூன்றும் ஒன்றுபோல ஒலிப்பது, ஒன்று மட்டும் பளிச்சென்று ஒலிப்பதைவிடத் தேர்வாளரின் காதுக்கு இனிமையாக இருக்கும்.

வடிவத்தை மாற்றும் வேலை எதுவாக இருந்தாலும் தேர்வுக்கு நான்கு நாள் முன்பே முடித்துவிடுங்கள், புதிய விளிம்புக்கு விரல் பழக அவ்வளவு நாள் வேண்டும். தேர்வன்று காலையில் கண்ணாடி அரத்தைத் தொடாமல், 2000 தாளில் நான்கைந்து இழுப்பு மட்டும் இழுத்துக்கொண்டு, அதில் ஒரு துண்டைக் கிட்டார்ப் பெட்டியிலும் போட்டு எடுத்துச் செல்லுங்கள்.